பாடசாலைத் தொலைகாட்டியில் புறஊதா ஆய்வு செய்யலாமா?

திருகோணமலையில் உயர்தரம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரின் கேள்வி: பாடசாலையில் 8 அங்குலத் தொலைகாட்டி இருக்கிறது, புறஊதா வடிகட்டி ஒன்று வாங்கினால் மகெல்லன் முகில்கள் போன்ற குள்ள விண்மீன் மண்டலங்களில் நட்சத்திரங்கள் பிறப்பதை மாணவர்களோடு ஆராயலாமா?

ஆராயலாம், ஆனால் வடிகட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். இதற்குத் தேவையான ஒளி ஏறக்குறைய 130 முதல் 280 நனோமீற்றர் வரையானது. அதை வளிமண்டலத்தின் ஒட்சிசனும் ஓசோனும் உறிஞ்சிவிடும், நிலாவெளி எவ்வளவு இருட்டாக இருந்தாலும் கீழே வராது. அதோடு பெரிய மகெல்லன் முகில் கொட்டியாரக் குடாவுக்கு மேலே தெற்கு வானில் 12 பாகைகூட ஏறுவதில்லை. பெப்ரவரி முன்னிரவில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள், அளவீட்டுக்கு மட்டும் செய்மதித் தரவுக்குப் போங்கள்.

2003இல் ஏவப்பட்ட நாசாவின் புறஊதா விண்தொலைகாட்டியான காலெக்ஸின் படங்கள் மாஸ்ட் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுமார் 30 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள டபிள்யூ.எல்.எம். என்ற குள்ள மண்டலத்தோடு தொடங்கச் சொல்வேன். 2015இல் போன இந்திய வானியல் செய்மதியான அஸ்ட்ரோசாட்டும் அதைப் படம் பிடித்திருக்கிறது, காலெக்ஸைவிடப் பல மடங்கு கூர்மையாக.

சரி, புறஊதா ஏன்? நட்சத்திரப் பிறப்பை அளக்க வழக்கமாக ஐதரசன் அல்பா ஒளியை, அதாவது சூடான ஐதரசன் வாயு விடும் சிவப்பு ஒளியைப் பார்ப்பார்கள். அதை எழுப்புவது சூரியனைப்போல் 15 மடங்குக்கு மேல் கனத்த நட்சத்திரங்கள். பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டளவில் அவை முடிந்துவிடும். குள்ள மண்டலத்தில் பிறப்பு வீதமே குறைவு என்பதால் இப்போது அப்படி ஒன்றுகூட இல்லாமல் போகலாம், உடனே பிறப்பே நின்றுவிட்டது என்று முடிவுகட்டினால் தவறு. புறஊதாவோ சூரியனைப்போல் சில மடங்கு மட்டுமே கனத்த நட்சத்திரங்களில் இருந்தும் வருகிறது, அதனால் கடந்த 10 கோடி ஆண்டுக் கதையைச் சொல்கிறது. மங்கலான குள்ள மண்டலங்களில் ஐதரசன் அல்பா தரும் வீதம் புறஊதா தருவதைவிடக் குறைவாக வருவதை 2009இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. இங்கே தூசும் குறைவு, ஆகவே புறஊதா அதிகம் மறைபடாது. மாணவர்கள் இரண்டையும் ஒப்பிடட்டும், இந்த வேறுபாடுதான் நல்ல ஆய்வுக் கேள்வி.

ஆனால் ஒளியைப் பிறப்பு வீதமாக மாற்றும் சூத்திரம் 10 கோடி ஆண்டும் ஒரே சீராக நட்சத்திரங்கள் பிறந்தன என்று எடுத்துக்கொள்கிறது; குள்ள மண்டலங்களோ விட்டுவிட்டுத்தான் பொங்கும். எனவே தனித்தனி நட்சத்திரக் கொத்துகளுக்கு அந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள், அவற்றின் வயதை ஊகிக்கத் தூரப் புறஊதா (குறுகிய அலைநீளம்), அண்மைப் புறஊதா (நீண்ட அலைநீளம்) பிரகாசங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். காலெக்ஸ் படத்தின் எண்ணிக்கையைப் பிரகாச அளவாக மாற்ற உதவும் மாறிலி (பூச்சியப் புள்ளி) முறையே 18.82, 20.08. அப்புறம், பின்னணி ஒளியைக் கழிக்க வேண்டும், அண்மைப் புறஊதாவில் பளிச்சென்றும் தூரப் புறஊதாவில் மங்கியும் தெரிபவை பெரும்பாலும் நம் பால்வீதி நட்சத்திரங்கள், அவற்றை நீக்கிவிடுங்கள்.