மருந்து ஆய்வில் சேர்ந்தால் காசு கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்: சுகாதாரப் பக்கம்

மருந்து ஆய்வு, அதாவது 'கிளினிக்கல் ட்ரையல்' பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

பேராதனையில் மருந்து குடித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்களாம், நல்ல காசாம் என்று எங்கள் லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வயது 27, வருத்தம் ஒன்றும் இல்லை. சேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும்? – ம.ச., மஸ்கெலியா

வருத்தம் இல்லாதவருக்கு இங்கே கதவு மிகவும் சிறியது. புது மருந்தை முதன்முதலில் ஆரோக்கியமான சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பது முதற்கட்ட ஆய்வு. பெரிய தொகை தரப்படுவதாக நீங்கள் கேள்விப்படுவது பெரும்பாலும் வெளிநாடுகளில் நடக்கும் அந்த வகையைப் பற்றித்தான். நம் நாட்டில் நடப்பவற்றில் அதிகமானவை ஏற்கெனவே கிளினிக்குக்கு வரும் நோயாளிகளை வைத்து நடப்பவை. உதாரணமாக, பிரஷருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில் இலங்கைக் கிளினிக்குகளில் 700 பேர் சேர்ந்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் பிரஷர் இலக்குக்கு இறங்கியவர்கள் மாத்திரைக் குழுவில் 70 வீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 55 வீதம். அதில் சேர உங்களிடம் இருக்க வேண்டியது பிரஷர்.

கிடைக்கும் காசைச் சம்பளமாக எண்ணாதீர்கள். போக்குவரத்து, சாப்பாடு, வேலைக்குப் போகாமல் இழந்த நாள், பட்ட சிரமம் ஆகியவற்றுக்கு ஈடாக ஒரு தொகை தரப்படும். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. தொகையைப் பெரிதாக்காமல் வைத்திருப்பதும் தெரிந்தே செய்வதுதான். காசு பெரிதானால் இருக்கிற வருத்தத்தை மறைத்துக்கொண்டு ஆள் சேரும், மறைத்த வருத்தத்தின் மேல் புது மருந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மாதச் செலவுக்கு வழி தேடுகிறீர்கள் என்றால் இது அதற்கான இடமல்ல.

எங்கள் பக்கத்தில் என்ன ஆய்வு நடக்கிறது என்று எங்கே பார்ப்பது? யாரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். – பிரஷர், சீனி இரண்டும் உள்ள ஆசிரியர், ஹட்டன்

இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் 'இலங்கை கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு' ஒன்றை நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு இது. இணையத்தில் எஸ்.எல்.சி.டி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வரும். பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில்தான். மலையகத்தில் பலர் முதல் பக்கத்திலேயே திரும்பிவிடுவதற்கு இதுவே காரணம். ஆங்கிலம் படித்த பிள்ளையொன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது வீட்டில் சொல்லும் பெயர் உதவாது. பிரஷருக்கு 'ஹைப்பர்டென்ஷன்', சீனிக்கு 'டயபிட்டீஸ்' என்று தட்ட வேண்டும். இரத்தசோகை போன்ற சொற்களுக்கு பிரித்தானிய எழுத்துக்கூட்டல் ஒன்று, அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒன்று. நடுவில் 'ஏ', 'ஈ' இரண்டும் வருவது முதலாவது, 'ஈ' மட்டும் வருவது மற்றது. இரண்டையும் தட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் பாதி விடுபட்டுப்போகும்.

ஒரு பதிவைத் திறந்ததும் தலைப்பில் மயங்காமல் நேராக நான்கு இடங்களுக்குப் போங்கள். முதலாவது, ஆள் சேர்ப்பு நிலை. முடிந்துபோன ஆய்வும் பதிவேட்டில் அப்படியே இருக்கும், ஆகவே இப்போது சேர்க்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது, ஆய்வு நடக்கும் இடம். கண்டி, பேராதனை, நுவரெலியா, பதுளை என்ற பெயர்கள் வருகின்றனவா? மூன்றாவது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்ற பட்டியல். நீங்கள் இன்சுலின் போடுபவராக இருந்து, அந்தப் பட்டியலில் 'இன்சுலின் போடுபவர்கள் இல்லை' என்றிருந்தால் பஸ் காசு மிச்சம். நான்காவது, பொதுமக்கள் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் இலக்கமும். அந்த இலக்கத்துக்குப் பேசும்போது பதிவெண்ணைச் சொல்லுங்கள். எஸ்.எல்.சி.டி.ஆர். என்று தொடங்கி ஆண்டும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். 'சீனி மருந்து ஆய்வு' என்று மட்டும் சொன்னால், பல ஆய்வுகள் நடக்கும் இடத்தில் உங்களை அங்குமிங்கும் மாற்றிவிடுவார்கள்.

இன்னொரு வழி, நீங்கள் போகும் கிளினிக். பேராதனை போதனா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் மருத்துவ பீட மாணவர்கள் பயிலும் இடங்கள், ஆகவே ஆய்வுகளும் அங்கேதான் கூடுதல். 'எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் நடந்தால் சொல்லுங்கள்' என்று கிளினிக் டொக்டரிடம் கேட்பதில் தவறில்லை. வெற்றிலை போட்டு வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்கள் பேராதனைப் பல் வைத்தியசாலையில் விசாரிக்கலாம். வாய்ப் புற்றுநோய் பற்றியும் அதற்கு முந்திய நிலைகள் பற்றியும் அங்குள்ள பீடம் நீண்டகாலமாக ஆராய்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்தத் தகவல் வந்து கிடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எழுதியிருந்த எல்லா நிபந்தனைக்கும் பொருந்தினேன். ஆனாலும் முதல் நாள் பரிசோதித்துவிட்டு 'நீங்கள் எடுபடவில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். ஏன்? – பண்டாரவளை வாசகி

அது 'ஸ்க்ரீனிங்' நாள், ஆய்வுக்கு நீங்கள் பொருத்தமானவரா என்று பரிசோதித்துப் பார்க்கும் நாள். அன்றைக்குத் திருப்பி அனுப்பப்படுவது வெகு சாதாரணம். இரத்தசோகை, சிறுநீரகக் குறைபாடு, கர்ப்பம், பாலூட்டுதல், அண்மையில் வேறொரு ஆய்வில் மருந்து எடுத்தது எல்லாம் தடைகள். பெண்களில் பலரைத் திருப்பி அனுப்புவது இரத்தசோகை. அதைக் கேள்விப்பட்டதும் கோபப்படாமல், அந்த இரத்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் கிளினிக்கில் காட்டுங்கள். ஆய்வு போனாலும் அறிக்கை உதவும்.

தவிர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்றால் எட்டு முதல் பத்து மணி நேரம் தண்ணீரைத் தவிர ஒன்றும் கூடாது. விடியற்காலைத் தேத்தண்ணி, அதுவும் சீனியோடு, அந்தப் பரிசோதனையையே கெடுத்துவிடும். 'சாப்பிடவில்லை' என்று சொல்பவர்கள் தேத்தண்ணியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் மூச்சுவாங்க நடந்து வந்தவுடன் பிரஷர் பார்த்தால் அது ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வெற்றிலை புகையிலையை அன்று காலை ஒதுக்கிவையுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், கிளினிக் கொப்பியில் வேறொரு எழுத்தில் இன்னொரு பெயர் என்பது நம் மக்களுக்குப் பழகிப்போன தலைவலி. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக் கையில் வைத்திருந்தால் அந்த நாள் வீணாகாது. குடிக்கும் கசாயம், நாட்டு மருந்து, கடையில் வாங்கும் வலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

தொகையை எப்படிக் கேட்பது? கேட்டால் பேராசை என்று நினைப்பார்களா? – லிந்துலை

நினைத்தால் நினைக்கட்டும். உங்களுக்குத் தரப்போவது எவ்வளவு என்று, கையெழுத்துக்கு முன்னே தரப்படும் ஆய்வு பற்றிய தகவல் படிவத்தில் இருக்க வேண்டும். ஒரு வருகைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை வருகை, அன்றைக்கே கையில் தருவார்களா, பிறகு வங்கிக்கு வருமா என்று கேளுங்கள்.

நகரத்தில் இருந்து ஆய்வு நடத்துபவர்களுக்கு ஒரு விடயம் சொன்னால்தான் புரியும். அவர்களுடைய கணக்கில் ஒரு வருகை என்பது ஒன்றரை மணி நேரம். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் இருந்து பேராதனைக்குக் காலை எட்டு மணிக்கு வர வேண்டுமானால் இருட்டோடு புறப்பட்டு, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்க வேண்டும். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போகாதவருக்கு அன்று பேர் இல்லை, அன்றைய நாள் சம்பளம் இல்லை. ஆகவே இருவழிப் பஸ் கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு முழுப்பேர் என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். கூட ஒருவர் வரத்தான் வேண்டும் என்றால் அவருடைய செலவையும் தனியாகக் கேளுங்கள். முதல் நாள் இரவு தங்க வேண்டிவந்தால் அதையும் கேளுங்கள். பஸ் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

ஒரு நிபந்தனையைக் கண்டால் உஷாராக இருங்கள். 'கடைசி வருகை வரை வந்தால்தான் முழுத்தொகையும், இடையில் விட்டால் ஒரு சதமும் இல்லை' என்பதே அது. வந்த வருகைகளுக்கான தொகை உங்களுடையது. இடையில் விலகும் உரிமையைக் காசால் கட்டிப்போடக்கூடாது என்பது சர்வதேச ஆய்வு நெறிகளிலேயே உண்டு.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தார். வெல்பெயார் ஐயா சொன்னதால் மறுக்க முடியவில்லை. – நானுஓயா

அப்படி வாங்கிய கையெழுத்தை முறையான சம்மதம் என்று சொல்ல முடியாது. துரையோ, வெல்பெயார் அதிகாரியோ, கங்காணியோ, டிஸ்பென்சரி ஐயாவோ சொன்னதற்காக யாரும் ஆய்வில் சேர வேண்டியதில்லை. சேராததற்காக வேலையிலோ மருந்திலோ குறை வைக்கவும் கூடாது. வாசிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவையும் தோட்ட நிர்வாகத்தையும் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். தகவல் படிவம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுத்து, அதன் பிறகே கைநாட்டு. சாட்சியும் கையெழுத்து வைப்பார். படிவத்தின் ஒரு பிரதி அம்மாவின் கைக்கு வர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குவது. ஆய்வு முறையானதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் பெயரும் அனுமதி இலக்கமும் அதில் இருக்கும். அந்தக் குழுவின் செயலாளருக்கு நடந்ததை எழுதுங்கள். தமிழில் எழுதலாம். அம்மா விலக விரும்பினால் காரணம் சொல்லத் தேவையில்லை, 'இனி வரமாட்டேன்' என்றால் போதும். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால் மட்டும் திடீரென நிறுத்தாமல், எப்படி நிறுத்துவது என்று டொக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, பதிவுக் கட்டணம் கட்டினால் இந்தியாவில் ஆய்வில் சேர்த்து இலட்சக்கணக்கில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாஸ்போர்ட்டும் கேட்கிறார். – பல வாசகர்கள்

கட்டாதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். முறையான மருந்து ஆய்வில் சேர இப்படித் தரகரிடம் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பதிவெண், ஒழுக்கநெறிக் குழுவின் இலக்கம், பொறுப்பான டொக்டரின் பெயர் இந்த மூன்றையும் கேளுங்கள். உள்நாட்டில் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். மூன்றும் இல்லாதவர் தரகர். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் பொலிசுக்குப் போங்கள்.

லண்டனில் ஆயிரக்கணக்கான பவுண் தருவதாக பேஸ்புக்கில் விளம்பரம். சுற்றுலா விசாவில் போய்ச் சேரலாமா? – கம்பளை

விளம்பரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கே உங்கள் மருத்துவ வரலாற்றை அந்நாட்டுக் குடும்ப டொக்டரிடம் கேட்டு உறுதிசெய்வார்கள். சுற்றுலா வந்தவருக்கு அந்த டொக்டரே இல்லை. விசாவும் வீண், டிக்கெட்டும் வீண்.

அம்மா சீனி மாத்திரை ஆய்வொன்றில் இருக்கிறார். புது மாத்திரை தொடங்கிய பிறகு வியர்த்து, கைநடுங்கித் தலைசுற்றுகிறது. கிளினிக் மாத்திரையையும் சேர்த்தே குடிக்கிறார். – மடுல்சீமை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சீனி அளவுக்கு மேல் இறங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ்.

அடுத்ததாக, ஆய்வுக் குழுவின் அவசர இலக்கத்துக்குப் பேசுங்கள். தகவல் படிவத்திலோ அவர்கள் கொடுத்த அட்டையிலோ அது இருக்கும். எந்த மாத்திரை என்று அம்மாவுக்கும் டொக்டருக்கும் தெரியாமல் மறைத்துக் கொடுக்கும் ஆய்வாக இருந்தாலும், அவசரத்தில் குறியீட்டைத் திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் எந்த டொக்டர் பார்த்தாலும் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

சிக்கலின் வேர் பெரும்பாலும் கிளினிக் மாத்திரைதான். ஆய்வு மாத்திரை தொடங்கும்போது பழையதில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். சொன்னாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் பழைய துண்டைப் பார்த்துப் பழைய மருந்தையே மீண்டும் கொடுத்துவிடுவார்கள். ஆய்வு டொக்டரிடம் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், வெறும் அட்டைகளையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு அடுத்த வருகைக்குக் கொண்டுபோங்கள். எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு வேளை விடுபட்டிருந்தால் இரண்டாகக் குடித்துக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம், விடுபட்டது என்றே சொல்லுங்கள்.