சிறு விலங்கு வேட்டைக்கு எந்தத் தோட்டா? – கேள்வி பதில்

கேள்வி: பயிரை அழிக்கும் தரை அணில்களைச் சுட .22 எல்ஆர் என்ற சிறு ரைஃபிள் தோட்டா போதுமா, .17 எச்எம்ஆர் என்ற வேகமான தோட்டா வாங்க வேண்டுமா?

பதில்: ஐம்பது, அறுபது மீட்டருக்குள் என்றால் .22 எல்ஆர் போதும். அதற்கு அப்பால், 17 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையளவு) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 775 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .17 எச்எம்ஆர் அதிகம் தாழாமல் செல்வதால் குறி வைப்பது எளிது. ஆனால் ஒரு கிராமைச் சற்றே தாண்டும் அந்தக் குண்டைப் பக்கக் காற்று எளிதில் ஒதுக்கிவிடும். எதைத் தேர்ந்தாலும், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடாதீர்கள்; .22 குண்டு இறுகிய தரையில் பட்டுத் தெறித்து வெகுதூரம் செல்லக்கூடியது.

கேள்வி: என்னிடம் .223 ரெமிங்டன் தோட்டாவைச் சுடும் ரைஃபிள் இருக்கிறது. நரியின் தோல் கிழியாதபடி எந்தக் குண்டைத் தேர்வது?

பதில்: கேலிபரைவிட (குண்டின் விட்டத்தைவிட) அதன் உள்ளமைப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தோட்டாவில் பொருத்தப்படாத பாலிமர் (பிளாஸ்டிக்) முனைக் குண்டு ஒன்றின் குறுக்குவெட்டைப் பார்த்தால், ஈயத்தை மூடிய செம்புறை மெல்லியதாக இருப்பதும், முனைக்குக் கீழே சிறு குழி இருப்பதும் தெரியும். பட்ட கணத்தில் முனை பின்னோக்கி அழுந்தி உறையைப் பிளப்பதால், குண்டு உடலுக்குள்ளேயே சிதறி விலங்கு அதே இடத்தில் விழுகிறது. வெளியேறும் துளை பெரும்பாலும் இராது. நரிக்கு 40 முதல் 55 கிரெய்ன் வரை பொருந்தும். கொயோட்டி (ஓநாயின் இனத்தைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு) போன்ற சற்றுப் பெரிய விலங்குக்கு 40 கிரெய்னை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தோள் எலும்பில் பட்டால் அது மேலோட்டமாகவே சிதறி, விலங்கைக் காயத்தோடு ஓடவிடும். அந்த வேதனையைத் தவிர்ப்பது வேட்டையாடுபவரின் கடமை.

கேள்வி: முனையையும் செம்புறை மூடிய முழு உறைக் குண்டு மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேட்டைக்கு வேண்டாம். அது விரியாமல் ஊடுருவிப் போய்விடும். 5.56 நேட்டோ என்று பொறித்த இராணுவத் தோட்டாவை .223 ரைஃபிளின் தோட்டா அறையில் இடவும் கூடாது. அழுத்தம் வரம்பு மீறலாம்.

கேள்வி: 75 கிரெய்ன் குண்டு என் ரைஃபிளில் இலக்குத்தாளை வட்டமாகத் துளைக்காமல் நீளவாக்கில் கிழிக்கிறது. ஏன்?

பதில்: குண்டு பக்கவாட்டில் புரண்டு வருகிறது. உங்கள் குழலின் புரி (குண்டைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள் பள்ளம்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருக்கக்கூடும். அது பொதுவாக 55 கிரெய்ன் வரையிலான குண்டுகளையே நிலைப்படுத்தும். நீண்ட, கனமான குண்டுகளுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற வேகமான புரி தேவை.

கேள்வி: ஈயமில்லாத குண்டுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். சிதறிய ஈயத்துணுக்குகளோடு சடலத்தைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன; கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத்தோட்டாவே கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையில் குண்டு நீளமாகிவிடும்; ஆகவே 12 அங்குலப் புரிக்கு 55-க்குப் பதிலாக 40 கிரெய்ன் அளவிலான செம்புக் குண்டை முதலில் தாளில் சுட்டுப் பாருங்கள்.