வகுப்பில் புரிகிறது, சோதனையில் கை ஓடவில்லை

கேள்வி: என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் புரோகிராமிங்கில் தேறவில்லை, அடுத்த பருவத்தில் திரும்ப எடுக்க வேண்டும். வகுப்பில் எல்லாம் புரிந்ததாம், லேப் டெஸ்டில்தான் ஒன்றும் ஓடவில்லையாம். துணைப்பாட வகுப்புக்கு அனுப்பலாமா?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: பையனைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் அம்மா. பல நாட்டுக் கல்லூரிகளை விசாரித்து 2007இல் வெளிவந்த ஆய்வில், இந்த அறிமுகப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறவில்லை. 2019இல் மறுபடி பார்த்தபோதும் 28 விழுக்காடு.

"புரிந்தது" என்று அவன் சொல்வதும் பொய்யில்லை. அடுத்தவர் எழுதி முடித்த நிரலை (புரோகிராமை) வாசித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். இன்றிரவு ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 9

இப்போது ஆ எவ்வளவு? 9 என்றால் ஓட்டை அங்கேதான். நான் பார்த்தவரை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில் வழுக்குகிறார்கள். கணக்கில் சமக்குறி போட்டால் இரண்டு பக்கமும் என்றைக்கும் சமம். நிரலில் அது ஒரு கட்டளை: வலப்பக்க மதிப்பை எடுத்து இடப்பக்கப் பெயரில் வை. அந்த வரி ஓடும்போது வைத்ததோடு சரி. அதனால் ஆ 5தான்.

முதல் சில வாரம் இந்த ஓட்டை வெளியே தெரியாது. லூப், அதாவது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி, வந்ததும் தெரியும். விலைகளைக் கூட்டச் சொன்னால் 'மொத்தம் = 0' என்ற வரியை லூப்புக்கு உள்ளே போடுவான். சுற்றுக்குச் சுற்று மொத்தம் பூஜ்யமாகி, கடைசி விலை மட்டும் மிஞ்சும். ஏனென்று தெரியாமல் வரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பான். வீட்டுப்பாடம் என்றால் சாட்ஜிபிடி திருத்திக் கொடுத்துவிடும். லேப் டெஸ்டில் யார் கொடுப்பது?

திரும்ப எடுப்பவர்கள் பலர் லூப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், முதல் வாரப் பாடம் தெரியும் என்ற நினைப்பில். அவன் முதல் வாரத்திலிருந்தே தொடங்கட்டும். தினமும் இருபது நிமிடம், கணினியை மூடிவிட்டு, ஒரு சின்ன நிரலைத் தாளில் ஓட்டிப் பார்க்கட்டும்: ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நெடுவரிசை, வரிக்கு வரி மாறும் மதிப்பு. அப்புறம் கணினியில் ஓட்டி ஒப்பிடட்டும்.

துணைப்பாட வகுப்பை இரண்டு வாரம் கழித்து யோசிக்கலாம். ஆசிரியரே தட்டச்சு செய்து காட்டுகிற வகுப்பென்றால் காசு வீண். விரிவுரையாளரிடம் பழைய விடையை எடுத்துக்கொண்டு போனால் செலவே இல்லை. தாளில் எல்லாம் சரியாகவே சொல்கிறான் என்றால் சிக்கல் பதற்றமாக இருக்கலாம். அப்போது கடிகாரம் வைத்து, பழைய கேள்விகளை வெற்றுத் திரையிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.