மாணவர்களை வெளிநாட்டுக் குடும்பங்களில் தங்கவைக்கலாமா?

கேள்வி: 14 முதல் 16 வயது வரையுள்ள 22 மாணவ மாணவியரைப் பத்து நாள் வெளிநாட்டுப் பயணம் அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு முதல் முறையாக வந்திருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் திட்டம் கொடுத்திருக்கின்றன. ஒன்றில் மூன்று நகரங்கள், ஹோட்டல், நடுவில் இரண்டு இரவு மட்டும் ஹோம்ஸ்டே, அதாவது உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் தங்குவது. மற்றதில் ஒரே ஊர், ஆறு இரவு ஹோம்ஸ்டே. சுற்றிப் பார்க்கும் இடங்கள் குறைவு. தலைமை ஆசிரியருக்கு முதல் திட்டம்தான் பிடித்திருக்கிறது. பெற்றோரோ, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது என்று பயப்படுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? — ஓர் ஆசிரியை

பதில்:

இரண்டாவது திட்டத்தை எடுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கீழே சொல்லும் கேள்விகளுக்கு அந்த நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். தயங்கினால் ஹோம்ஸ்டேயையே விட்டுவிடுங்கள். எல்லோரும் ஒரே விடுதியில் தங்கிக்கொள்ளலாம். சரிபார்க்காத வீட்டில் ஓர் இரவுகூட வேண்டாம்.

இரண்டு இரவு ஏன் போதாது? முதல் நாள் மாலை பெட்டியை வைப்பதிலும் அறிமுகத்திலும் களைப்பிலும் போய்விடும். இரண்டாம் நாள் இரு தரப்பும் மரியாதை காட்டிக்கொண்டிருக்கும்: பசித்தாலும் பிள்ளை கேட்காது, வேலை இருந்தாலும் வீட்டார் எழுந்து போக மாட்டார்கள். மூன்றாம் நாள்தான் தண்ணீர் டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்து பிள்ளை தானே போய் எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் யார் யாரை எதிர்த்துப் பேசலாம், சண்டை வந்தால் எப்படிச் சமாதானம் ஆகிறார்கள், சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். முதல் திட்டத்தில் அந்த மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகள் பஸ்ஸில் அடுத்த நகரத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

மாணவர்களைக் குடும்பங்களோடு வாழவைப்பது இன்றைய சுற்றுலா நிறுவனங்கள் கண்டுபிடித்த ஒன்றல்ல. அமெரிக்காவில் டொனால்ட் வாட் 1932-இல் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ அமைப்பு வளர்ந்ததே இந்த முறையை மையமாக வைத்துத்தான். இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் அமைப்பான ஏஎஃப்எஸ், 1947 முதல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. ஒன்றாக வாழ்ந்து பழகியவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு வெறுப்பு வளராது என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை.

அந்த நம்பிக்கைக்கு நிபந்தனைகளும் உண்டு. வேறு வேறு பின்னணி கொண்டவர்கள் சந்தித்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். உங்கள் பயணத் திட்டத்தை இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள். ‘கலை நிகழ்ச்சி பார்த்தல்’ என்று இருக்கும் இடத்தில், உள்ளூர் மாணவர்களோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் வேலையைக் கேளுங்கள்: சேர்ந்து சமைப்பது, சுவரோவியம் வரைவது, கலந்த அணிகளாக விளையாடுவது, எதுவானாலும் சரி. ‘ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு நாள்’ என்று இருந்தால் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள். அங்கே சம நிலை இல்லை. வந்து கொஞ்சிவிட்டுப் போகும் அந்நியர்களால் அந்தக் குழந்தைகளுக்கு நன்மையும் இல்லை.

இனிப் பாதுகாப்பு. பெற்றோரின் பயம் நியாயமானது. அதைச் சமாதானப் பேச்சால் போக்கப் பார்க்காதீர்கள், நடைமுறையைக் காட்டுங்கள். அமெரிக்காவுக்கு நீண்ட காலம் படிக்க வரும் பரிமாற்றப் பள்ளி மாணவர்களுக்கு அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் விதிகள் நல்ல அளவுகோல். அங்கே வீட்டில் வாழும் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரோடு பேச வேண்டும். உங்கள் குறுகிய பயணத்துக்கு அந்த விதி பொருந்தாதுதான். ஆனாலும் அதே கேள்விகளை உங்கள் நிறுவனத்திடம் கேட்கலாம்: வீட்டுக்கு நேரில் போனது யார், எப்போது? அப்பா அம்மாவை மட்டும் பார்த்தீர்களா, மாடியில் இருக்கும் அண்ணனையும் மாமாவையும் பார்த்தீர்களா? நாங்கள் தங்கும் நாட்களில் வேறு யாராவது வந்து தங்குவார்களா? பள்ளி, இளைஞர் பயணங்களில் வரும் ஆபத்துகளைக் கையாள்வதற்கென்றே 2024-இல் ஐஎஸ்ஓ 31031 என்ற சர்வதேசத் தரம் வந்திருக்கிறது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்றும் கேளுங்கள். எந்தத் தரத்தையும் பின்பற்றாத நிறுவனம் அந்தக் கேள்விக்குத் தரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பணம் வாங்குவது தவறல்ல. சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் செலவு இருக்கிறது. வாரா வாரம் ஒரு குழுவை ஏற்கும், ஓர் அறையில் ஐந்து கட்டில் போட்ட வீடு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதை வீடு என்று சொல்ல முடியாது, அது லாட்ஜ்.

ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், இருவரும் ஒரே பாலினம், ஆளுக்கொரு கட்டில், உள்ளிருந்து தாழிடக்கூடிய குளியலறை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவராகப் போனால் மொழி வேகமாக வரும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வயதில், முதல் பயணத்தில், பக்கத்தில் ஒரு துணை வேண்டும். மூன்று பேரானால் தங்களுக்குள் பேசியே பொழுதைக் கழித்துவிடுவார்கள். நெருங்கிய நண்பர்களை ஜோடி சேர்ப்பதற்கும் இதே ஆபத்து உண்டு. ஓரளவு பழக்கமுள்ள, குணத்தில் ஒத்துப்போகும் இருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமலே வீடு மாறலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘என் நீலப் பையைக் காணோம்’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி வந்தால் நீங்களோ உள்ளூர் ஒருங்கிணைப்பாளரோ உடனே போய் அழைத்து வந்துவிட வேண்டும். கேள்விகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அதற்கு எல்லா வீடுகளும் ஒருங்கிணைப்பாளருக்கு அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், மாற்று வீடு ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். 22 பேருக்கு உங்களையும் சேர்த்து மூன்று ஆசிரியர்களாவது வேண்டும், ஆணும் பெண்ணும் கலந்து. ஒருவர் நோயுற்ற பிள்ளையோடு மருத்துவமனையில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது?

விசா, பாஸ்போர்ட் வேலைகளை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மருந்தையும் இன்சூரன்ஸையும் மட்டும் நீங்களே பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது கேட்காத நாட்டுக்குப் போனாலும் நல்ல காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாட்டில் டாக்டர் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மருந்துகள் அசல் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

வீடுகளைப் பொருத்துவதற்கான படிவத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்ப வேண்டும், பெற்றோர் அல்ல. அதில் ‘அசைவம் சாப்பிட மாட்டேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் சரியா, முட்டை சரியா, இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றிய சூப் சரியா என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நாய் பயமா, இருட்டில் தூங்குவாயா, கோபம் வந்தால் பேசுவாயா, பேசாமல் இருப்பாயா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை அனாவசியம் என்று நினைக்காதீர்கள். மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் பிள்ளை, வீட்டாருக்குத் தொந்தரவு தரக் கூடாதே என்று நினைக்கிறது. வெளியே அந்த வீட்டு அம்மா, தான் என்ன தவறு செய்தோம் என்று கலங்கிக்கொண்டிருப்பார். ஹோம்ஸ்டேயில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். புறப்படும் முன்பே ஒரு வகுப்பில் இரண்டு பேரை நடிக்கவைத்துக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒவ்வொரு வீட்டோடும் வீடியோ காலில் பேசவையுங்கள். முதல் சில நிமிடம் பெற்றோரும் இருக்கட்டும், பிறகு எழுந்து போய்விடட்டும். எத்தனையோ வாக்குறுதிகளைவிட அந்தச் சில நிமிடம்தான் பெற்றோரின் மனதை ஆற்றும். பயணத்தின்போது வீட்டுக்குப் போன் பேச ஒரு நேரத்தைக் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம் தன் அம்மாவோடு பேசும் பிள்ளை அந்த வீட்டில் இருந்தும் இல்லாதது போலத்தான். ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள் இரவில் வரும், தானாகவே அடங்கும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; அழுகைக் குரல் கேட்டு அவர்கள் பதற மாட்டார்கள்.

படிப்புக்கு ஆளுக்கு ஒரு கேள்வி கொடுத்தால் போதும். இந்த வீட்டில் செலவை யார் முடிவு செய்கிறார்கள், குப்பையை எப்படிப் பிரிக்கிறார்கள், தாத்தா பாட்டி சிறு வயதில் எந்த மாதிரிப் பள்ளிக்குப் போனார்கள் என்பது போல. இரவில் மூன்று வரி எழுதட்டும். நடுவில் ஒரு நாள் பாதிப் பொழுதை ஒதுக்கி, எல்லோரும் கூடிப் பேசட்டும். ஒரு வீட்டில் பார்த்ததை வைத்து ‘இந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, பக்கத்து வீட்டில் தங்கிய பிள்ளை நேர்மாறாகச் சொல்லும். அந்த விவாதத்தில் நீங்கள் தலையிடாதீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் இரண்டு பயணத் திட்டங்களையும் பக்கத்தில் வைத்து, ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று மட்டும் கோடு போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது திட்டத்திலும் இரவு ஒன்பது மணி வரை வெளி நிகழ்ச்சிகள் இருந்தால் பாதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். குடும்பங்களின் விவரம், சரிபார்த்த தேதி, மாற்று வீட்டின் முகவரி எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.