மஞ்சள் போட்ட ஜின் ஏன் மஞ்சளாக இல்லை?

கேள்வி: பெங்களூரிலிருந்து வந்த நண்பர் ஒரு கிராஃப்ட் ஜின் பாட்டிலைக் காட்டினார். மஞ்சள், இஞ்சி, ஏலக்காய், மல்லி விதை எல்லாம் போட்டுச் செய்ததாம். "இது நம்ம கஷாயச் சாமான்தான், பிராந்தி விஸ்கி மாதிரி உடம்பைக் கெடுக்காது. நம்ம ஊர் மூலிகையை உலகமே குடிக்குது, பெருமைப்படணும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் நண்பர் உடம்பைப் பற்றிச் சொன்னது தப்பு. பெருமையைப் பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையில் பங்கு கிடைக்க வேண்டியவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

முதலில் உடம்பு. அந்த பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஒரு துளி மஞ்சள் பட்டால் வெள்ளை வேட்டியிலிருந்து லேசில் போகாது. அப்படிப்பட்ட மஞ்சளைப் போட்ட திரவத்தில் நிறமே இல்லையே, அது எங்கே போனது? கொப்பரையிலேயே தங்கிவிட்டது.

ஜின் செய்யும் முறை தெரிந்தால் இது விளங்கிவிடும். தானியத்திலிருந்தோ கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்தோ வடித்த, கிட்டத்தட்ட 96 சதவீத வீரியமுள்ள வாசனையற்ற எரிசாராயத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தண்ணீர் சேர்த்து, ஜூனிபர் என்ற மலைப்புதரின் காயையும் மற்ற சரக்குகளையும் ஊறவைத்து, செம்புக் கொப்பரையில் ஏற்றிக் கொதிக்கவைக்கிறார்கள். எழும் ஆவியைக் குளிரவைத்தால் சொட்டுச் சொட்டாக விழுவதுதான் ஜின். அதாவது, ஆவியோடு பறக்கக்கூடியது எதுவோ அது மட்டும்தான் பாட்டிலுக்கு வரும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் பறக்காது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் பறக்காது. பறப்பவை வாசனை எண்ணெய்கள்.

கஷாயம் இதற்கு நேர் எதிர். சுக்கையும் மிளகையும் தட்டிப்போட்டு நாலில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சும்போது வாசனை வீடு முழுக்கப் பரவிப் போய்விடுகிறது, பாத்திரத்தில் தங்கிய சாரத்தைக் குடிக்கிறோம். ஜின்னில் தங்கியதைக் கொட்டிவிட்டு, பறந்ததைப் பிடித்துக் குடிக்கிறோம். சாமான் ஒன்றாக இருக்கலாம், செய்கை வேறு. உறவு சொல்ல வேண்டுமானால் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீரைச் சொல்லுங்கள். ரோஜாவின் வாசனையைப் பிடிப்பதும் இதே வித்தைதான்.

அந்த வாசனையோடு சேர்ந்து வருவது சாராயம். இந்தியாவில் பெரும்பாலான ஜின்னில் அது 42.8 சதவீதம் அல்லது அதை ஒட்டி இருக்கும். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியிலும் 42.8 தான். 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. அது ஏலக்காயோடு வந்ததா, எசன்ஸோடு வந்ததா என்று கல்லீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் மது 1988-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது. குடிக்காத ஒருவர் 'மூலிகை' என்ற வார்த்தையை நம்பி இதைத் தொடங்கினால் அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். சளிக்கு நல்லது, ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லி யார் ஊற்றிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜின்னை மருந்து என்று பேசும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, அதுவும் நம் மலையில் நடந்த கதை. மலேரியாவுக்கு மருந்தாக இருந்தது ஜின் அல்ல, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொய்னா. அது தாங்கமுடியாத கசப்பு. அந்தக் கசப்பை விழுங்குவதற்காக வெள்ளைக்காரர்கள் சர்க்கரையும் சோடாவும் ஜின்னும் சேர்த்துக்கொண்டார்கள். தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து 1860-களில் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் அந்தத் தோட்டங்களில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறை இன்றும் அங்கே நிற்கிறது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஜின் அண்ட் டானிக் என்ற அந்தக் கலவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராணுவ அதிகாரிகளின் கோப்பையைச் சொல்கிறார்கள். பட்டை உரித்த கைகளை யாரும் சொல்வதில்லை.

சரி, பெருமைக்கு வருவோம். இங்கே உங்கள் நண்பரை நான் முழுக்க மறுக்கமாட்டேன். 2017-இல் கோவாவில் நாவ் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் 'கிரேட்டர் தேன்' (Greater Than) ஜின்னைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே இமயமலை ஜூனிபரை வைத்து 'ஹபூசா' செய்தது. ஜூனிபருக்கு உள்ள சமஸ்கிருதப் பெயர்தான் அது. அதே 2018-இல் கோவாவின் 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்', ராம்பூரின் 'ஜெய்சல்மேர்' இரண்டும் வந்தன. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் நீலகிரியின் பெயரிலேயே ஒரு ஜின் கொண்டுவந்தது. எசன்ஸைக் கலந்து ஜின் என்று விற்றுவந்த நாட்டில், முழுச் சரக்கைக் கொப்பரையில் போட்டு வடிக்கும் ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. அதற்கு நல்ல மூக்கு வேண்டும். முதலில் சொட்டுவது நகப்பூச்சு போல நெடியடிக்கும், அதை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு ஜூனிபரின் பைன் மரவாசம், மல்லி, ஏலம், கடைசியில் வேர்களின் மண்வாசம். அதையும் தாண்டினால் ஈரத்துணி நாற்றம். எந்தச் சொட்டோடு நிறுத்துவது என்பதை ஒரு மனிதர் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து முடிவு செய்கிறார். இந்தத் திறமையை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் வாசனையைப் பிடிப்பவர் வேறு, விளைவிப்பவர் வேறு. நான் பார்த்த பாட்டில்களில் இமயமலை என்றும் டார்ஜீலிங் என்றும், பெயர் கேட்டதும் வெளிநாட்டுக்காரருக்குத் தெரிகிற ஊர்கள் வருகின்றன. ஏலக்காய் மட்டும் வெறும் ஏலக்காயாகவே நிற்கிறது. எந்த மலை, யார் தோட்டம், எதுவும் இல்லை.

நீங்கள் போடிக்காரர், உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. விடியும் முன்னே ஜீப் ஏறி, நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களைத் தினமும் பார்க்கிறீர்கள். ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு படர்ந்து காய்க்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இலைக்கடியில், மழை ஈரத்தில் குந்தியபடி, அட்டை ஏறும் காலோடு, முற்றிய காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பறிக்க வேண்டும். இளங்காயை விட்டுவிட்டுச் சில வாரம் கழித்து அதே தூருக்கு மறுபடி வர வேண்டும். இப்படி எடுத்த ஐந்தாறு கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். எது முற்றியது என்று அந்த விரலுக்குத் தெரிவதும், எந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும் என்று இந்த மூக்குக்குத் தெரிவதும் எனக்கு ஒரே தரத்துத் திறமைகளாகத்தான் படுகின்றன.

ஒரு பாட்டில் ஜின்னுக்கு எத்தனை ஏலக்காய் வேண்டும்? அதன் வாசனை அவ்வளவு கடுமை என்பதால், விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் காய்க்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் பாட்டிலின் விலையில் சில ரூபாய்தான் கூடும். அதனால் கட்டுப்படியாகாது என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காபிப் பொட்டலத்தில் தோட்டத்தின் பெயரைப் போடுகிறார்கள். கோவாவின் முந்திரிப் பழ ஃபெனிக்கு 2009-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மண்ணுக்கு அதில் உரிமை இருக்கிறது. ஜின்னில் ஏன் முடியாது? கடலூர்க் கடலோர மணலில் வெட்டிவேர் தோண்டுகிறவருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நண்பர் அடுத்த முறை வரும்போது பாட்டிலைத் திருப்பி லேபிளின் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த பாட்டிலிலாவது ஏலக்காய்க்குப் பக்கத்தில் ஏலமலை என்றோ தோட்டத்தின் பெயரோ இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.