கழன்ற ஒயில் குழாயும் கருகிய எஞ்சினும்

கேள்வி: என்னிடமுள்ள 1969ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் காருக்கு நுவரெலியாவில் ஒரு கராஜில் மேலதிகமாக ஒயில் கூலர் (எஞ்சின் ஒயிலைக் குளிர்விக்கும் கருவி) பொருத்தினேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, றம்பொடை ஏற்றத்தில் அதன் குழாய் கழன்று ஒயில் முழுவதும் கொட்டிவிட்டது. ஒயில் அழுத்தமானி முள் சரிந்ததைக் கண்டும் லபுக்கலை வரை ஓட்டினேன். எஞ்சின் பெயரிங்குகள் போய்விட்டன. "பொருத்திய பின் நாம் பொறுப்பல்ல" என்று பற்றுச்சீட்டில் இருப்பதைக் கராஜ்காரர் காட்டுகிறார். மீதிக் கூலியைத் தராமல் காரையும் விடமாட்டாராம். வழி உண்டா? (வாசகர், புசல்லாவை)

பதில்: உண்டு, ஆனால் நாள் குறைவு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு, சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். முதலில் அதை எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி, தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வதும், நோக்கத்துக்கு ஏற்ற பொருளைப் போடுவதும் கராஜின் கடமை. எழுதிக் கொடுக்காவிட்டாலும் அந்த உத்தரவாதம் உண்டு. பற்றுச்சீட்டின் ஒற்றை வரி அதை அழித்துவிடாது. கவனயீனத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை நியாயமானதா என்பதை 1997ஆம் ஆண்டின் நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் பார்க்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் சாதாரண இறப்பர் குழாயை வெறும் கிளிப்பால் இறுக்கியிருப்பது தெரிகிறது. ஓடும் மிட்ஜெட்டில் ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 70 இறாத்தல் வரை இருக்கும். அதற்கு அழுத்திப் பொருத்திய முனைகளுள்ள குழாய் வேண்டும். அந்தக் குழாயும் கிளிப்பும்தான் உங்கள் வழக்கு. அதே கராஜ்காரர் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். வேறொரு பொறியியலாளரை அழைத்துச் சென்று, எல்லாவற்றையும் இருந்தபடியே படமெடுத்து அறிக்கை பெறுங்கள்.

முள் சரிந்த பிறகு ஓட்டியதுதான் என் கவலை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கை வைப்பது அங்கேதான். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்குத் தவறின் அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கலாம். அதற்காக மறைக்க வேண்டாம்; மறைத்தது வெளியே வந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். குழாய், ஒயில், கூலர் செலவை ஒரு கணக்காகவும், பெயரிங் செலவைத் தனியாகவும் காட்டுங்கள். முதல் கணக்கில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

காரைப் பொறுத்தவரை, வேலை செய்தவருக்குக் கூலிக்காக வண்டியைத் தடுத்துவைக்கும் உரிமை நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. மாற்றுச் சாவியோடு இரவில் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, பணத்தைக் கட்டிக் காரை எடுங்கள். நட்டஈடு கேட்கும் உங்கள் உரிமை போய்விடாது.

அதிகார சபையில் தீராவிட்டால், தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக நேரலாம். வாய்மொழி ஒப்பந்தமானால் வழக்குத் தொடர மூன்று ஆண்டு உண்டு. கவனயீனத்துக்கான நட்டஈடாகக் கேட்டால் இரண்டே ஆண்டுதான்.