ஆதிச்சநல்லூர்ப் பறம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்செந்தூர் போகிற வழியில், இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். கண்ணாடி போட்டு மூடிய குழிகளைப் பார்த்தோம். அதை விட்டால் வெறும் சரளை மேடு, வெயில். இவ்வளவு பேர் பேசுகிற இடம் இதுதானா என்று ஆகிவிட்டது. என் மகன் மட்டும் இரண்டு ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் ஏமாற்றம் நியாயமானதுதான். அங்கே கிடைத்தவற்றில் பெரும்பகுதி அங்கே இல்லை. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899-இல் தோண்டத் தொடங்கிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை, மெல்லிய பொன் நெற்றிப் பட்டங்கள் உட்பட, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தச் சரளைப் பறம்பு வேறு மாதிரி தெரியும்.

ஆனால் உங்கள் மகன் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறான். அந்தச் சில்லின் உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்று இருக்கலாம். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்று போகாமல் கறுக்கும்; காற்றுபட்ட வெளிப்புறம் சிவக்கும். இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு அந்த விளிம்பிலேயே தெரியும். அந்தச் சூளையைப் போட்டவருக்கு நெருப்பு அவ்வளவு கைவந்திருக்கிறது!

மேடு கரைந்து கிடப்பதால்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறது. மழை அரித்த இடங்களில் தாழியின் வாய் வட்டமாக மேலே தெரியும். 114 ஏக்கரில் தோண்டியது கொஞ்சம்தான். 2004-இல் மறுபடி தோண்டியபோதும் நூற்றைம்பதுக்கு மேல் தாழிகள் கிடைத்தன, அடுக்கடுக்காகப் புதைத்திருந்தார்கள்.

ரீயின் குறிப்புகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. இரும்பு ஆயுதங்கள் எல்லாம் நுனி கீழாக நின்றன என்கிறார். சுற்றி நின்று அழுதவர்கள் கையில் இருந்ததை மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல. வெறும் வாளாக அலமாரிக்கு வந்திருந்தால் அந்தத் துக்கம் நமக்குத் தெரிந்தே இருக்காது. அது நின்ற நிலையை ஒருவர் எழுதி வைத்ததால் தெரிகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்தச் சில்லுகளை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடம், சட்டப்படியும் எடுக்கக் கூடாது. அடுத்த முறை போகும்போது அங்கிருக்கும் பணியாளர்களிடம் மகனையே கொடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் எடுத்தான் என்பதையும் அவனே சொல்லட்டும்.